மலைநாட்டு வீதிக்கு எந்த வண்டி?

நல்லதற்கும் தீயதற்கும் இடையே ஒன்றைத் தெரிந்து கொள்ளுதல் எளிது. அதற்குப் பெரிய அறிவு வேண்டுவதில்லை. இரண்டும் நல்லவை என்னும்போதுதான் மனிதன் தடுமாறுகின்றான். விலையுயர்ந்த இரு பொருள்கள் கண்முன் நிற்க, இரண்டும் குறையற்றவையாகத் தோன்ற, கையிலுள்ள பணமோ ஒன்றுக்கே போதுமாயிருக்க, எதை விடுவது என்பதே பெருங் கேள்வியாகிவிடுகின்றது.

நம்மிடம் கல்வி பயின்று இப்பொழுது கனடாவிலே தொழில் புரியும் மாணவர் ஒருவர் இத்தகைய கேள்வி ஒன்றை அண்மையில் நமக்கு எழுதியிருந்தார். கோடை காலத்தில் மனைவியுடன் நெடுந்தூரம் செல்வதற்கு ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்க விரும்புகின்றார். விரைவுக்குப் பேர்பெற்ற வகையினை வாங்குவதா, சொகுசுக்குப் பேர்பெற்ற வகையினை வாங்குவதா என்பது அவருடைய ஐயம். அத்துடன், கண்டியிலே பெற்றோருடன் வாழும் தம்பிக்கும் "இயன்ற அளவு பெரியதாக" ஒரு வண்டி வாங்கப் பணம் அனுப்ப எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தார். அண்ணன் தம்பியர் இருவர்க்கும் உரிய விடை ஒன்றுதானா? இது ஒரு வீட்டின் கேள்வி மட்டும் அன்று. வெளிநாட்டுப் பணமும் உள்நாட்டு ஆசையும் சந்திக்கும் பல வீடுகளில் எழும் கேள்வியாதலின், இவ்வாரம் அதனையே எடுத்துக் கொள்கின்றோம்.

முதலில் இவ்விரு வகையினையும் விளங்கிக் கொள்வோம்.

மேனாட்டார் 'ஸ்போர்ட் டூரிங்' என அழைப்பதை நாம் விரைவுப் பயண வண்டி எனலாம். பந்தய வண்டியின் துடிப்பும் நெடும்பயணத்துக்கு வேண்டிய பொறுமையும் ஒன்றுசேர்ந்த பிறவி அது. ஓட்டுபவர் சிறிது முன்னே சாய்ந்து அமர்வார். கால்மிதிகள் சற்றுப் பின்தள்ளி அமைந்திருக்கும். காற்றைத் தடுக்க முகப்பிலே கவசமும், உடுப்புகளை வைக்க இருமருங்கும் பெட்டிகளும் உண்டு. 1976ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டி இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அதன் முகப்புக் கவசத்தைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, ஓட்டுபவரின் மார்பில் மோதும் காற்றை விலக்குமாறு அமைத்தார்கள். 2001இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் கொணர்ந்த எப்.ஜே.ஆர். 1300, இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் எஞ்சின் 1298 சி.சி.; எடை ஏறத்தாழ 290 கிலோகிராம். சங்கிலிக்குப் பதிலாகச் சுழலும் தண்டு ஒன்றே பின்சக்கரத்தை இயக்கும்.

மற்றது சொகுசுப் பயண வண்டி. இதற்கு உலகமெங்கும் எடுத்துக்காட்டாய் நிற்பது ஹொண்டா நிறுவனத்தின் கோல்ட் விங். இது பிறந்த கதை சுவையானது. 1974இல் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டபோது அதற்கு முகப்புக் கவசமும் இல்லை, பெட்டிகளும் இல்லை. நான்கு சிலிண்டர்களைக் கொண்ட 999 சி.சி. எஞ்சினும் இரு சக்கரங்களுமாய் வெறுமையாகவே நின்றது. வாங்கிய அமெரிக்கர்களோ அதனை நெடும்பயணத்துக்கு உகந்ததெனக் கண்டு, கிரெய்க் வெற்றர் என்பாருடைய முகப்புக் கவசங்கள் போன்றவற்றைத் தாமே வாங்கிப் பொருத்தினர், பெட்டிகளைக் கட்டினர், பின்னிருக்கைக்கு முதுகணை வைத்தனர். இவற்றைக் கண்ட ஹொண்டா நிறுவனம் 1980இல் கவசமும் பெட்டிகளும் சேர்ந்த வண்டியைத் தானே வெளியிட்டது. பின்னர் 1988இல் ஆறு சிலிண்டர் எஞ்சினும், பின்னோக்கி நகர்த்தும் வசதியும் வந்தன. 2001இல் எஞ்சின் 1832 சி.சி. ஆயிற்று. 2006இல் விபத்துக் காலத்தில் விரிந்து காக்கும் காற்றுப்பையும் வந்தது. இன்று அதன் முழுச் சொகுசு வடிவம் ஏறத்தாழ 380 கிலோகிராம் எடை கொண்டது. பின்னிருக்கையைப் பார்த்தால் வீட்டுச் சாய்வு நாற்காலி ஒன்று வீதிக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும்.

வாசகர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கோல்ட் விங்கைச் சொகுசு வண்டியாக்கும் வேலையைத் தொடங்கியவர்கள் அதனை ஓட்டியவர்களே. தாம் செல்லும் வீதி எத்தகையது, தமக்குப் பின்னால் அமர்பவர் யார், எவ்வளவு பொருள் கொண்டு செல்கின்றோம் என்பனவற்றை அவர்கள் முதலில் அறிந்தார்கள். அதன் பின்னரே வண்டியை அமைத்தார்கள். நாமோ பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கின்றோம். வண்டியை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற வீதியை எங்கே தேடுவது என்று பின்னர் சிந்திக்கின்றோம்.

ஆகவே, இவ்விரண்டில் எது சிறந்தது என்று கேட்பது கத்தி சிறந்ததா, மண்வெட்டி சிறந்ததா என்று கேட்பதை ஒக்கும். எந்த வீதிக்கு எது என்று கேட்பதே முறை. அக்கேள்விக்குக் கண்டி மாநகரைப் போன்ற ஆசான் வேறில்லை. ஏனெனில் இரு வகை வண்டிகளுக்கும் உரிய இரு வகை வீதிகள் இந்த ஒரே நகரிலிருந்து புறப்படுகின்றன.

ஒன்று ஏ-9 வீதி. கண்டியில் தொடங்கி, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு எனச் சுமார் 320 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தை அடைகின்றது. போர்க் காலத்தில் ஆண்டுக் கணக்காக மூடப்பட்டிருந்த இவ்வீதியில் இன்று நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகச் செல்கின்றனர். மாத்தளைப் பகுதியின் மேடுபள்ளங்களைக் கடந்து தம்புள்ளையை எட்டியதும் நிலம் தாழ்ந்து விரிகின்றது. வவுனியாவுக்கு அப்பால் வன்னி வெளியிலே வீதி நீண்ட கோடாகக் கிடக்கின்றது. வெயிலும் எதிர்க்காற்றுமே அங்கு பகை. இத்தகைய வீதியிலே சொகுசு வண்டியே அரசு செலுத்தும். அதன் இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட நீளம் ஏறத்தாழ 1.7 மீற்றர், விரைவு வண்டிக்கோ 1.55 மீற்றரளவே. இடைநீளம் மிகுந்த வண்டி நேர்வீதியில் அசையாது செல்லும். உயர்ந்த கண்ணாடி காற்றை விலக்கும். நிமிர்ந்து அமர்வதால் மணிக்கட்டும் இடுப்பும் நோவதில்லை.

மற்றது மலைவீதி. கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய வழியாக மகியங்கனைக்கு இறங்கும் வீதியின் பதினெட்டு வளைவுகளை அறியாதார் இலர். கம்பளை, புசல்லாவை, றம்பொடை ஊடாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியோ ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் நம்மைக் கொண்டு செல்கின்றது. பழைய கொழும்பு வீதியிலே கடுகண்ணாவை ஏற்றம் இருக்கின்றது. அவ்வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் அங்கே நிற்கின்றது. இந்த மலையிலே முதலில் வகுத்த பாதைகள் குதிரைக்கும் மாட்டு வண்டிக்கும் வகுத்தவை. விலங்கு மூச்சு வாங்கி ஏறுவதற்கு ஏற்ற சரிவையே அன்று கணக்கிட்டார்கள். தார் போட்டாலும் அகலப்படுத்தினாலும், மலையின் வளைவு மலையின் வளைவுதான்.

அங்கே நேர்வீதியின் அனுகூலங்கள் யாவும் எதிராகத் திரும்புகின்றன. நீண்ட வண்டி குறுகிய வளைவில் மெல்லவே திரும்பும். எதிரே வரும் பேருந்து வீதி முழுவதையும் பிடித்துக்கொண்டு வளைவிலே தோன்றும்போது, ஒதுங்குவதற்குக் கிடைப்பது ஓரிரு கணங்களே. விரைவு வண்டி இலகுவாகச் சாயும்; சொன்ன பக்கம் உடனே திரும்பும். இறக்கத்திலோ பாரம் மேலும் தன் குணத்தைக் காட்டும். வேகம் இரட்டித்தால் நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பது பாடசாலைப் பௌதிகம். பாரமான வண்டியிலே பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவர், அது சூடேறித் தளர்வதை மலையடிவாரத்தில் அறிவார். தாழ்ந்த கியரிலே எஞ்சினைக் கொண்டு வேகத்தை அடக்கி இறங்குவதே எந்த வண்டிக்கும் முறை.

ஓடும் வண்டியைப் பற்றியே இதுவரை பேசினோம். உண்மையில் ஆபத்து நிற்கும் வண்டியில் இருக்கின்றது. கோல்ட் விங்கின் எஞ்சின் படுக்கையாகத் தாழ அமைந்திருப்பதால், ஓடத் தொடங்கியதும் அதன் பாரம் தெரிவதில்லை என்று ஓட்டியவர் கூறுவர். அது மெய்யே. ஆனால், ஏறும் வளைவின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது? கால் ஊன்றும் பக்கத்திலே நிலம் தாழ்ந்திருந்தால், கால் எட்டுவதற்கு முன்னரே வண்டி சாயத் தொடங்கிவிடும். வண்டி 380 கிலோகிராம். இருவரும் பெட்டிகளும் சேர்ந்தால் அரைத் தொன்னுக்கு மேல். ஓர் அளவுக்கு மேல் சாய்ந்த அந்தப் பாரத்தை எந்தப் பலசாலியும் நிறுத்திவைக்க இயலாது. 290 கிலோகிராம் வண்டியும் இலகுவானதன்று. நம்மூர் வீதிகளில் ஓடும் சாதாரண வண்டிகளோ பெரும்பாலும் அதன் பாதி எடைகூட இல்லாதவை. கண்டியிலே வீடுகளுக்குச் செல்லும் ஒழுங்கைகளும் பல சரிவானவை. வீட்டு வாயிலில் வண்டியைத் திருப்ப இயலாதவருக்கு றம்பொடைக் கணவாய் ஏது?

இனி, யாரும் கேளாத ஒருவரைப் பற்றிக் கூறுதல் வேண்டும். அவர் பின்னிருக்கையில் அமர்பவர். வண்டி வாங்கும்போது எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் உண்டு. நிறத்தைப் பற்றிப் பேசுவோர் உண்டு. மனைவியையோ தாயையோ கடைக்கு அழைத்துச் சென்று, "சற்றே ஏறி அமர்ந்து பாருங்கள்" என்று சொல்வோர் எத்தனை பேர்? ஓட்டுபவர்க்குப் பிடித்துக்கொள்ளக் கைபிடி உண்டு. வளைவு வருவதும் முன்னரே தெரியும். பின்னால் இருப்பவர்க்கு இரண்டும் இல்லை. விரைவு வண்டியிலே அவருடைய இருக்கை பெரும்பாலும் உயர்ந்தும் குறுகியும் இருக்கும், முழங்கால் மடிந்திருக்கும், ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் முன்னே சரிவார். ஒரு மணி நேரம் தாங்கலாம். ஐந்து மணி நேரம் தாங்குதல் அரிது. சொகுசு வண்டியின் முழுப் பொருளும் அந்தப் பின்னிருக்கையில்தான் இருக்கின்றது. தனியே செல்பவர்க்கு அது வீண் பாரம். துணையோடு செல்பவர்க்கு அதுவே பயணம்.

சொகுசு ஒருபுறமிருக்க, உயிரும் இருக்கின்றது. நமது நாட்டிலே வீதி விபத்துக்களில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர்; அவர்களுள் மோட்டார் சைக்கிளில் சென்றோரே பெருந்தொகையினர். பின்னிருப்பவர் வண்டியையும் தேர்ந்தெடுக்கவில்லை, வேகத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. விழும்போது மட்டும் சரிபங்கு பெறுகின்றார். ஆதலின் தெரிவு செய்யும்போதே அவருக்குப் பங்கு கொடுத்தல் நியாயமன்றோ?

இவற்றோடு நாட்டின் நிலையையும் நோக்குதல் வேண்டும். சொகுசு வண்டி பிறந்து வளர்ந்தது அமெரிக்காவின் அகன்ற நெடுஞ்சாலைகளில். இலங்கையில் அவற்றுக்கு ஒப்பானவை 2011 முதல் திறந்துவரும் அதிவேகப் பாதைகளே. அவற்றிலோ மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. ஏனைய வீதிகளில் நகர்ப்புறத்துக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அதனைச் சிறிய எஞ்சினும் எட்டிவிடும்.

எரிபொருளின் கதையை எவரும் மறந்திருக்க மாட்டார். 2022இல் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 4 லீற்றரே கிடைத்தது. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் சிறு வண்டி அதனைக் கொண்டு 200 கிலோமீற்றர் ஓடும். லீற்றருக்கு 18 கிலோமீற்றரளவே ஓடும் பெருவண்டிக்கு அது 72 கிலோமீற்றர். கண்டியில் புறப்பட்டால் நுவரெலியாவை எட்டுமுன்னரே நின்றுவிடும். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளில் உதிரிப்பாகத்துக்காக அலைந்தவர்கள், அயலில் உள்ள கராஜ்காரர் அறிந்த வண்டியின் அருமையை உணர்ந்திருப்பர். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலோ மலைவீதிகளையே பல இடங்களில் அறுத்தெறிந்தது. மண்ணும் கல்லும் சிதறிய வீதியிலே இருவர் சேர்ந்து தூக்கிக் கடத்தக்கூடிய வண்டியே வண்டி.

அவ்வாறாயின் நம்மவர்க்கு நெடும்பயண ஆசையே கூடாதா? கூடும். அதே தெரிவு சிறிய அளவிலும் இருக்கின்றது. சென்னையிலே 1955 முதல் வேரூன்றிய றோயல் என்பீல்ட் நிறுவனத்தின் வண்டிகளையே எடுத்துக் கொள்வோம். 2018இல் வெளிவந்த 648 சி.சி. கொண்ட இன்ரர்செப்ரர், கொன்ரினென்ரல் ஜி.ரி. ஆகிய இரண்டும் விரைவுப் பக்கம் சார்ந்தவை. பின்னது ஓட்டுபவரை நன்றாகவே முன்னே சாய்த்துவிடும். இரண்டும் 200 கிலோகிராமளவு எடையுடையவை. 2020இல் வந்த 349 சி.சி. மீற்றியோர், தாழ்ந்த இருக்கையும் முன்னே நீட்டிய கால்மிதியும் கொண்டு சொகுசுப் பக்கம் சாய்ந்தது. பின்னிருப்பவர்க்கு முதுகணையும் பொருத்தலாம். வேகத்தில் குறைந்தாலும் 70ஐத் தாண்ட அனுமதியில்லாத வீதியிலே அது குறையாகாது. பெரியவற்றுக்குக் கூறிய அளவுகோல் அனைத்தும் இவற்றுக்கும் பொருந்தும்.

பெரிய வண்டியில்லாமல் பெரிய பயணம் இல்லை என்பாருக்கு ஒரு வரலாறு. 1982இல் எல்ஸ்பெத் பியர்ட் என்னும் இளம் ஆங்கிலப் பெண், பழைய 600 சி.சி. பி.எம்.டபிள்யூ. வண்டி ஒன்றில் தனியே உலகைச் சுற்றப் புறப்பட்டு, 1984இல் நாடு திரும்பினார். கட்டடக்கலை பயின்ற மாணவி அவர். அவர் ஏறிச் சென்ற வண்டி இன்று நாம் பேசும் இரு வகையிலும் சேராதது. தம் வண்டியைத் தாமே கழற்றிப் பூட்டக் கற்றிருந்தமை அவருக்கு எஞ்சினின் அளவைவிடப் பெருந்துணையாயிற்று. நமது மாணவியரும் இதனை நினைவில் வைத்தல் நன்று.

ஆகவே, கனடாவிலுள்ள அண்ணனுக்கு நமது விடை இது: நீண்ட நேர்வீதி, நீங்காத துணை, நிறைந்த பெட்டி என்ற மூன்றும் மெய்யானால் சொகுசு வண்டியே பொருத்தம். ஆனால், வாங்குமுன் மனைவியைப் பின்னிருக்கையில் அமர்த்தி ஒரு மணி நேரமாயினும் ஓட்டிப் பாரும். அவருடைய தீர்ப்பே முடிந்த தீர்ப்பு. வார இறுதியில் தனியே மலைப்பாதையை நாடுவதே உமது உண்மையான ஆசையாயின், விரைவு வண்டியை வாங்கும். ஆசையை மறைக்க மனைவியின் பெயரைச் சொல்ல வேண்டாம்.

கண்டியிலுள்ள தம்பிக்கு விடை வேறு. அவர் ஓட்டப்போவது மலையில். நிறுத்தப்போவது சரிவான ஒழுங்கையில். பின்னால் ஏற்றப்போவது பெரும்பாலும் தாயை. "இயன்ற அளவு பெரியது" என்பதை விடுத்து, "கால் ஊன்றித் தாங்கக் கூடியது" என்று எழுதும். மிஞ்சும் பணத்திலே இருவருக்கும் தரமான தலைக்கவசம், மழையங்கி, நல்ல டயர்கள், முறையான ஓட்டுநர் பயிற்சி என்பவற்றை வாங்கலாம். அன்பை எஞ்சினின் சி.சி. கணக்கில் அளக்க வேண்டுவதில்லை.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஒரு சொல். "அகலக் கால் வைக்காதே" என்று நம் முன்னோர் பொதுவாகச் சொல்லி வைத்தார்கள். இரு சக்கர வண்டியிலே அது சொல்லுக்குச் சொல் உண்மையாகின்றது. கால் எட்டும் உயரம், கை தாங்கும் பாரம், பை தாங்கும் செலவு, பின்னிருப்பவர் தாங்கும் தூரம் ஆகிய நான்கையும் அளந்த பின்னர் கடைக்குச் செல்லுங்கள். அதன்பின் நிறத்தை உங்கள் விருப்பம்போல் தெரிந்து கொள்ளலாம்.